நூத்திப் பதினேழு பேரும் மாநிறம்

ஏனுங்க, சித்தே அக்கட்டால தள்ளி உக்காந்தீங்கன்னா நானும் உக்காந்துக்குவேன். இல்லீங்க, ஜன்னலோரம் நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு வெயில் ஆகாது. நம்ம பொழப்பு அப்படி. வர்ற போற பொம்பளைங்களுக்கெல்லாம் வெயில்ல போகாதீங்கன்னு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே வெயிலக் கண்டா பயம் புடிச்சுக்கிச்சு. இந்தக் கவரைக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா, சீலைய ஒதுக்கிக்கறேன். கசங்காமப் புடிங்க. உள்ள என்ற பொண்ணோட ஜாதகம் இருக்குது. கோபியில ஒரு கல்யாணத் தகவல் மையத்துல குடுக்கறதுக்குப் போறனுங்க.

கையத்தான பாக்கறீங்க? பாருங்க, பாருங்க. எல்லாரும் பாக்கறாங்க, ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க. போன வாரம் ஒரு பெரியவர் மட்டும் கேட்டுப்போட்டாரு, "ஏம்மா, யாரு சூடு வெச்சா? ஊட்டுக்காரனா?"ன்னு. என்ற ஊட்டுக்காரரு பாவம், தோசைக்கரண்டிய எந்தப் பக்கம் புடிக்கறதுன்னு தெரியாத மனுசன். அவரு எங்க சூடு வெக்கறது? நானே வெச்சுக்கிட்டதுங்க. மூணு கட்டம் இருக்குது பாருங்க. மொதல் கட்டம் கருகருன்னு தழும்பு. ரெண்டாவது கட்டம் வழவழன்னு, ஒரு முடி இல்லை. மூணாவது கட்டத்துல ஒண்ணுமே நடக்கலை, முடி பாட்டுக்கு நின்னுக்கிட்டு இருக்குது. இந்த மூணு கட்டத்துக்குள்ளதாங்க என்ற புத்தி, என்ற வேலை, என்ற மானம் எல்லாம் கிடக்குது.

சித்தோடு தாண்டிட்டமா? அப்ப கோபி வர்றதுக்கு நேரம் இருக்குது, சொல்றேன்.

என்ற பேரு சாந்தாமணி. ஈரோட்டுல ஒரு தோல் ஆஸ்பத்திரியில முடி எடுக்கற லேசர் மெஷின் ஓட்டறனுங்க. ஓட்டறதுன்னா என்னமோ லாரி ஓட்டற மாதிரி இருக்குதில்ல? எனக்கும் அந்த நெனப்புத்தான் இருந்துச்சு. டாக்டரம்மா வைதேகி கோயமுத்தூர்ல இருந்து வாரத்துக்கு மூணு நாள் வருவாங்க. மிச்ச மூணு நாள் நான்தான் எல்லாம். புதுசா வந்த நர்ஸ் புள்ளைங்க என்னைய 'சின்ன டாக்டரம்மா'ன்னு கிண்டல் பண்ணுவாங்க. கிண்டல்னு தெரிஞ்சும் ஒரு தடவைகூட நான் வேண்டாம்னு சொன்னதில்லீங்க.

முடி எப்படிப் போகுதுன்னு கேப்பீங்க. அந்த வெளிச்சத்துக்கு கருப்பைத்தான் புடிக்கும். முடி கருப்பா இருக்குதா, அதுல போயி சூடா இறங்கும், வேர் வெந்து போயிரும். ஆனா நம்ம தோலும் கருப்புத்தானுங்களே? வெளிச்சத்துக்கு இது தோலு, இது முடின்னு வித்தியாசம் தெரியுமா? தெரியாது. அங்கதான் சூட்சுமம். எவ்வளவு சூடுங்கறது ஒண்ணு. அதை எத்தனை நேரத்துல உள்ள விடறோம்ங்கறது இன்னொண்ணு. ஒரு டம்ளர் காப்பி இருக்குதுன்னு வெச்சுக்கங்க. ஒரே மடக்குல ஊத்திக்கிட்டா வாய் வெந்துரும். அதே காப்பிய ஊதி ஊதிக் குடிச்சா வாய்க்கும் ஒண்ணுமில்லை, வயித்துக்கும் கதகதன்னு இருக்கும். ரொம்ப நேரம் ஊதிக்கிட்டே இருந்தா? ஆறிப்போயி பச்சத்தண்ணி. இதேதானுங்க லேசரும். தோலு மெல்லிசு, சூட்டை வாங்குன கையோட விட்டுரும். முடிவேர் தடிப்பு, வாங்குன சூட்டை வெச்சுக்கிட்டு இருக்கும். அதனால சூட்டை மெதுவா விட்டா தோலு தப்பிச்சுக்கும், வேர் மாட்டிக்கும். அவசரமா விட்டா தோலும் சேந்து வெந்துரும். ரொம்ப மெதுவா விட்டா வேரே ஆறிப்போயி தப்பிச்சுக்கும்.

இந்த நேரத்தை மில்லி செகண்டுல சொல்லுவாங்க. ஒரு செகண்டை ஆயிரம் துண்டு போட்டா அதுல ஒரு துண்டு. பழைய மெஷின்ல ஒரு திருகு இருக்கும், நான் கண்ணால பாத்துத் திருகிக்குவேன். போன வருசம் வைகாசியில புது மெஷின் வந்துச்சு. இது ரொம்பப் படிச்ச மெஷினுங்க. நேரத்தை நம்ம வெக்க வேண்டியதில்லை. தோல் நிறம் என்னன்னு மட்டும் கேக்கும். ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் நம்பர். ஒண்ணுன்னா வெள்ளைக்காரங்க. ஆறுன்னா கன்னங்கரேல். நாலுன்னா நம்ம மாநிறம், முப்பது துண்டு நேரத்துல விடும். அஞ்சுன்னா கருப்பு, நூறு துண்டு நேரம் எடுத்துக்கும். ஆறுன்னா இருநூறு. நம்பரை அழுத்துனாப் போதும், மிச்சத்தை அது பாத்துக்கும். சுலபமான வேலை. ஒரு மனுசியப் பாத்து என்ன நிறம்னு சொல்லோணும், அவ்வளவுதான்.

அவ்வளவுதான்னு சொல்லிட்டேன். நீங்க சொல்லுவீங்களா? எதுக்க உக்காந்து, "அக்கா, நீங்க கருப்பு"ன்னு? எனக்கு வாய் வராதுங்க. என்ற மனசு எளகுன மனசு.

ஆடி மாசத்துல ஒரு புள்ள வந்துச்சு. கவிநயான்னு பேரு. இந்தா, இந்த பஸ் போற வழியில கவுந்தப்பாடியில ஒரு பள்ளிக்கூடத்துல ரெண்டாங்கிளாஸ் டீச்சர். இருபத்தியாறு வயசு. துப்பட்டாவ மொகத்தைச் சுத்திக் கட்டிக்கிட்டு வந்துச்சு. அவுத்ததுக்கு அப்புறம் கை தாவாக்கட்டைக்குப் போயிருச்சு. பேசறப்பக் கை அங்க, சிரிக்கறப்பக் கை அங்க. என்னமோ ஹார்மோன் கோளாறாம், தாவாக்கட்டையில தடிதடியா முடி. தினமும் காலையில எல்லாரும் எந்திரிக்கறதுக்கு முன்னால பிளேடு போட்டுக்குமாம்.

"கல்யாணத்துக்காக வந்தியா அம்மிணி?"ன்னு கேட்டேன். நம்ம கேக்கறது அதுதான?

"இல்லக்கா. ஒரு பையன் 'அ' எழுத வராம அழுதுட்டு இருந்தான். மடியில உக்கார வெச்சுக் கையப் புடிச்சு எழுத வெச்சேன். அவன் என் தாடையத் தொட்டுப் பாத்துட்டு, 'மிஸ், நீங்களும் எங்கப்பா மாதிரி ஷேவ் பண்ணுவீங்களா?'ன்னு கேட்டான். கிளாஸே சிரிச்சுருச்சு. அதுல இருந்து நான் எந்தக் குழந்தையயும் பக்கத்துல விடறதில்லக்கா. எட்ட நின்னே பாடம் நடத்தறேன். ரெண்டாங்கிளாஸுக்கு எட்ட நின்னு பாடம் நடத்த முடியுங்களா?"

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. இந்தப் புள்ளைக்கு எப்படியாவது நல்லது பண்ணிப்போடோணும்னு நெனச்சேன். நான் யாருக்காவது நல்லது பண்ணோணும்னு நெனச்சா நீங்க கொஞ்சம் தள்ளி நின்னுக்கோணும்.

ஒரு பாரம் குடுத்து நிரப்பச் சொன்னேன். பேரு, வயசு, மருந்து, அப்புறம் நிறம்னு ஒரு கட்டம். அந்தக் கட்டத்துல அது என்ன எழுதிக் குடுத்துச்சு தெரியுமுங்களா? 'கருப்பு'. டீச்சர் கையெழுத்து, குண்டு குண்டா, அழகா. கருப்பு. ஆறு வருசத்துல அந்தக் கட்டத்துல அப்படி எழுதி நான் பாத்ததே இல்லீங்க. 'மாநிறம்' எழுதுவாங்க, 'கோதுமை' எழுதுவாங்க, 'வெயில்ல கறுத்துட்டேன்'னு எழுதுவாங்க. ஒரு அக்கா 'சிவப்பு (முன்பு)'ன்னு எழுதியிருந்தாங்க.

"சீ, என்ன கண்ணு இது? யாரு சொன்னா உன்னையக் கருப்புன்னு? நீ மாநிறம் கண்ணு, நல்ல களையான மாநிறம்"ன்னு சொன்னேன்.

"இல்லக்கா, கருப்புன்னே போடுங்க"ன்னுச்சு.

நான் உடுவனா? பேனாவ எடுத்து 'கருப்பு'ங்கறதை அடிச்சேன். ஒரு கோடு போட்டா அடியில தெரியும்னு ரெண்டு கோடு போட்டேன். பக்கத்துல 'மாநிறம்'னு எழுதுனேன். அந்தப் புள்ள சிரிச்சுச்சு. வந்ததுல இருந்து அப்பத்தான் கைய எடுத்துட்டுச் சிரிச்சுச்சு. என்ற மனசு நெறஞ்சு போச்சுங்க.

மொதல்ல ஒரு ஷாட், அதாவது ஒரு கட்டம் அளவுக்கு ஒருக்கா வெளிச்சம், வெச்சு ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கோணும். அதுதான் முறை. ஆனா கவுந்தப்பாடியில இருந்து அரைநாள் லீவு போட்டுட்டு வந்திருக்குது, இன்னொருக்கா எதுக்கு அலைய வெக்கறதுன்னு அன்னிக்கே ஆரம்பிச்சுட்டேன். அதுவும் நல்ல மனசுதான், பாத்துக்கங்க. மெஷின் நிறம் கேட்டுச்சு. நாலு அழுத்துனேன்.

மொதல் ஷாட்டுக்கே துள்ளிப்போட்டுச்சு. "சுளீர்னு இருக்குதுக்கா"ன்னுச்சு. "முடி தடியா இருக்குதுல்ல கண்ணு, அப்படித்தான் இருக்கும்"ன்னேன். ரெண்டாவது ஷாட்டுல ஒரு வாசம் வந்துச்சு. முடி கருகற வாசம் எப்பவும் வரும். இது அது இல்லை. என்ற மூக்குக்குத் தெரிஞ்சுதுங்க. இருந்தாலும் ஏழு வெச்சேன். ஏழு. அந்தப் புள்ள கட்டிலோட கம்பியப் புடிச்சுக்கிட்டு, "நீங்க வெய்ங்கக்கா, நான் தாங்கிக்குவேன்"ன்னுச்சு. இதச் சொல்றப்ப மட்டும் எனக்குச் சிரிப்பு வர்றதில்லீங்க.

மக்கியா நாள் விடிஞ்சதும் போட்டோ அனுப்பிச்சுது. தாவாக்கட்டையில ஏழு கட்டம். காப்பிக் கலர்ல பொருக்குத் தட்டி, ஓரத்துல நீர் கோத்துக்கிட்டு. அடியில ஒரு வரி எழுதியிருந்துச்சு: 'அக்கா, இது நார்மல் தானுங்களா?'

நான் என்ன பதில் அனுப்புனேன்னு நெனைக்கறீங்க? கையெடுத்துக் கும்பிடற பொம்மை ஒண்ணு அனுப்புனேன்.

டாக்டரம்மா பாத்தாங்க. கவிநயாவுக்குக் கிரீம் குடுத்து, வெயில்ல போகாதே, தழும்பு மங்கறதுக்கு நாலு மாசமாவது ஆகும்னு சொல்லி அனுப்புனாங்க. அப்புறம் என்னையக் கூப்புட்டாங்க. நான் கதவைத் தாண்டறப்பவே ஆரம்பிச்சுட்டேன், "மெஷின்தான் மேடம் கோளாறு, வந்ததுல இருந்தே எனக்குச் சந்தேகம்"ன்னு.

படிச்ச மெஷின்னு சொன்னேன் இல்லீங்களா? அந்தக் கெரகம் எல்லாத்தையும் எழுதி வெச்சிருந்துச்சு. யாருக்கு, எந்த நாளு, எந்த நம்பர்னு. டாக்டரம்மா அதைப் பேப்பர்ல எடுத்து மேசை மேல போட்டாங்க.

"சாந்தாமணி, புது மெஷின் வந்ததுல இருந்து நூத்திப் பதினேழு பேரு. நூத்திப் பதினேழும் நாலு. ஏங்க, ஈரோடு ஜில்லாவுலயே கருப்பா ஒருத்தர்கூட இல்லீங்களா?"

"இல்லீங்க மேடம்"ன்னேன்.

அவங்க சிரிக்கலை. "மத்தவங்களுக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க. கையிக் காலுக்குத்தான மேடம், சூடு கொஞ்சம் கம்மி, சில பேருக்குச் செவந்துச்சு, ஐஸ் வெச்சு அனுப்பிச்சேன்னு சொன்னேன். செவந்தவங்க எத்தனை பேருன்னு கேட்டாங்க. நான் சொவத்துல இருந்த காலண்டரைப் பாத்தேன்.

"நிறம்ங்கறது மரியாதை இல்லை சாந்தாமணி. அது அளவு. ரத்தம் எந்த குரூப்புன்னு கேட்டா மாத்தி எழுதுவீங்களா?"ன்னாங்க. அதுக்கும் நான் தலைய ஆட்டுனேன். எதுக்கு ஆட்டுனேன்னு எனக்கே தெரியாது. கம்பெனியில இருந்து ஆளு வந்து மெஷினைப் பிரிச்சுப் பாத்துட்டு, மெஷின் தங்கமா இருக்குதுன்னுட்டுப் போயிட்டான். எனக்கு அவன் மேலயும் கோவம்.

கவிநயா பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா டாக்டரம்மாவப் பாக்க வரும், நம்பர் விவகாரமெல்லாம் டாக்டரம்மாவே அதுகிட்டச் சொல்லிட்டாங்க. அது வர்ற அன்னிக்கெல்லாம் நான் ஸ்டோர் ரூம்ல பஞ்சு எண்ணிக்கிட்டு இருப்பேன். அந்த ஆஸ்பத்திரியில எத்தனை பஞ்சு இருக்குதுன்னு என்னையத் தவிர யாருக்கும் சரியாத் தெரியாதுங்க.

அதுக்கப்புறம் பயம் புடிச்சுக்கிச்சு. யாரு வந்தாலும் ஆறுதான். சேட்டு ஊட்டு அம்மா பாலாட்டம் வந்து படுத்தாலும் ஆறு. இருநூறு துண்டு நேரம், ஊதி ஊதி ஊதி. ஒருத்தருக்கும் சுடலை. சந்தோசமா எந்திரிச்சுப் போனாங்க. ஒரு முடியும் கொட்டலை. ரெண்டு மாசம் கழிச்சு ஒவ்வொருத்தரா வர்றாங்க. ஒரு காலேஜ் புள்ள கைய நீட்டி, "ஆன்ட்டி, தொட்டுப் பாருங்க, முன்னைக்கு இப்ப எச்சாத்தான் வளர்ந்திருக்கு"ங்குது. அரைகுறைச் சூடு பட்டாச் சில பேருக்கு அப்படித்தான், கொட்டறதுக்குப் பதிலாக் கூடிக்கூடப் போகும்.

டாக்டரம்மா மறுபடியும் பேப்பர் எடுத்தாங்க. "போன தடவை நூத்திப் பதினேழும் நாலு. இந்தத் தடவை அம்பத்தி மூணும் ஆறு. அஞ்சாம் நம்பர் உங்களுக்கு என்னங்க துரோகம் பண்ணுச்சு? இந்த மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணுங்க சாந்தாமணி. இல்லாட்டி மெஷின்ல இருந்து உங்களை மாத்தி டோக்கன் குடுக்கற எடத்துல போட்டுருவேன்."

டோக்கன்! சின்ன டாக்டரம்மாவ டோக்கன் குடுக்க வெக்கறதா? எனக்கு ரோசம் வந்துருச்சுங்க. மெஷின்தான் கோளாறுன்னு நிரூபிச்சுக் காட்டறேன்னு, மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன நேரத்துல கதவைச் சாத்திக்கிட்டு இந்தக் கைய நீட்டுனேன். என்ற கைக்கு நானே ஷாட் வெச்சுக்கறது. சுட்டுச்சுன்னா மெஷின் கோளாறு. கணக்குச் சரிதானுங்களே?

மெஷின் நிறம் கேட்டுச்சு. யோசிக்கவே இல்லீங்க, வெரல் பாட்டுக்கு நாலுக்குப் போயிருச்சு. நான் மாநிறம்தானுங்களே? எங்கம்மா சொல்லும், கல்யாணப் பத்திரிகையத் தவிர எல்லாத்துலயும் எழுதியிருக்குது, என்ற ஜாதகத்துலயும் அதேதான்.

வெச்சேன். அம்மாடி! அந்தப் புள்ள எப்படி ஏழு தாங்குச்சுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. நான் ஒண்ணுக்கே மெஷின் குழாயக் கீழ போட்டுட்டேன். அதே வாசம். "பாத்தியா, கோளாறு!"ன்னு எனக்கு நானே சத்தமாச் சொல்லிக்கிட்டேன். சொல்லிட்டு, சும்மா ஒரு பேச்சுக்கு அஞ்சை அழுத்தி அதுக்குப் பக்கத்துல ஒண்ணு வெச்சேன். சுருக்னுச்சு, அவ்வளவுதான். ஆறை அழுத்தி இன்னொண்ணு. கொசு உக்காந்த மாதிரி.

சாயந்தரமே மொதல் கட்டம் கொப்புளிச்சுப் போச்சு. மத்த ரெண்டுக்கும் ஒண்ணுமில்லை. பதினாலாம் நாளு குளிக்கறப்ப சோப்புப் போட்டுத் தேய்க்கறேன், ரெண்டாவது கட்டத்து முடி கையோட வந்துருச்சு. மூணாவது கட்டத்துல ஒண்ணுகூட அசையலை.

நான் குளியலறையிலயே உக்காந்துட்டனுங்க. மெஷின் கோளாறு இல்லை. நாப்பத்திரெண்டு வயசுல, ஈரத்துணியோட உக்காந்துக்கிட்டு, நான் யாருன்னு ஒரு மெஷின்கிட்ட இருந்து தெரிஞ்சுக்கறேன். அஞ்சு. எனக்கே நான் ரெண்டு கோடு போட்டு அடிச்சு எழுதிக்கிட்டு இருந்திருக்கேன். அதே பேனாவத்தான் அந்தப் புள்ளைகிட்டயும் எடுத்திருக்கேன். நல்ல மனசுமில்லை ஒண்ணுமில்லைங்க. அது கருப்புன்னு எழுதுனதைப் பாத்தப்ப எனக்குத்தான் கூசுச்சு.

அதுக்காக நான் ரொம்பக் கருப்புன்னு நெனச்சுக்காதீங்க. கை கொஞ்சம் எச்சாக் கறுத்திருக்கும், வண்டி ஓட்டறனில்ல. சரி, விடுங்க.

அந்தச் சனிக்கிழமை கவுந்தப்பாடிக்குப் போனேன். பள்ளிக்கூடம் விடற நேரம். கவிநயா மாஸ்க் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னு குழந்தைகளை வேன்ல ஏத்திக்கிட்டு இருந்துச்சு. கொரோனா வந்ததுல இருந்து மாஸ்க் போட்டா யாரும் ஏன்னு கேக்கறதில்லை, அது ஒண்ணுதான் அதுக்கு நல்லகாலம். என்னையப் பாத்ததும் மொகத்தைத் திருப்பிக்கிட்டு அடுத்த குழந்தையோட பேரைக் கூப்புட்டுச்சு. வேன் போற வரைக்கும் நான் வேப்பமரத்தடியில நின்னேன். என்ன பேசறதுன்னு வர்ற வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்ததையெல்லாம் உட்டுட்டு கைய நீட்டிக் காட்டுனேன்.

அது பாத்துச்சு. மொதல் கட்டத்தை வெரலால தொட்டுச்சு.

"இது எத்தனைக்கா?"

"நாலு, கண்ணு."

"என்னோடது."

"ஆமா, கண்ணு. உன்னோடது. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். மெஷின் இல்லை, நான்."

மாஸ்க்கைக் கழட்டுச்சு. பொருக்கெல்லாம் போயி, ஏழு எடத்துல கருந்திட்டு இருந்துச்சு, கொஞ்சம் மங்கியிருந்துச்சு. திட்டும்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"சுட்டதுக்கு எனக்குக் கோவமில்லக்கா. நான்தான் கருப்புன்னு கரெக்டா எழுதுனேனே. நீங்க அடிச்சுட்டு மாநிறம்னு எழுதுனீங்க பாருங்க, அப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சுக்கா. அதை நெனச்சாத்தான் எரியுது."

அந்தப் புள்ள கையப் புடிச்சுக்கிட்டு அழுதேன். வேப்பமரத்தடியில ரெண்டு பேரும் நின்னதைப் பாத்து, வாட்ச்மேன் யாரோ செத்துப்போயிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு தண்ணி கொண்டாந்து குடுத்தாரு.

தை மாசம் திரும்ப வந்துச்சுங்க. அதுவா வந்துச்சு. டாக்டரம்மா வெளிச்சத்துல நிக்க வெச்சுப் பாத்து, அஞ்சுன்னு எழுதுனாங்க. நான் மெஷின்கிட்டப் போறேன், "இருங்கக்கா, நானே அழுத்தறேன்"ன்னு அதுவே எந்திரிச்சு வந்து அஞ்சை அழுத்திட்டுப் போயிப் படுத்துக்கிச்சு. காதோரத்துல ஒரே ஒரு ஷாட் வெச்சு, அன்னிக்கு அவ்வளவுதான்னு திருப்பி அனுப்பிட்டேன். அலையட்டும்ங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு, ஒண்ணும் சுடலை, அதுக்கப்புறம்தான் தாவாக்கட்டையில வெச்சேன். ஒவ்வொரு ஷாட்டுக்கும் "சுடுதா? சுடுதா?"ன்னு கேட்டு, கடைசியில அதுக்கே சிரிப்பு வந்துருச்சு. "அக்கா, பேசாம வெய்ங்கக்கா"ன்னுச்சு.

அஞ்சு தடவை ஆச்சுங்க. இப்ப முடி மெலிஞ்சு போச்சு. மெலிஞ்ச முடி சூட்டைச் சீக்கிரம் விட்டுரும், அதனால ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மாவும் நானும் மறுபடியும் மொதல்ல இருந்து பாத்துத்தான் நேரம் வெக்கறோம். போன தடவை வந்தப்ப அந்தப் புள்ள ஒரு மணி நேரம் பேசிக்கிட்டு இருந்துச்சு, கை மடியிலயே இருந்துச்சு. அதுக்கே தெரியலை. நான் சொல்லலை. புதுசா வர்றவங்களுக்கு நான் இப்பப் பாரம் குடுக்கறதில்லீங்க, கையக் காட்டறேன். "இது நாலு, இது அஞ்சு, இது ஆறு. நான் அஞ்சு. நீங்க என்ன?"ன்னு கேக்கறேன். என்னைய வெச்சுப் பாத்து அவங்களே சொல்லிடறாங்க. ரெண்டாவது கட்டத்துல மட்டும் அப்பப்ப இன்னொரு ஷாட் வெச்சுக்குவேன், காட்டறதுக்கு வழவழன்னு இருக்கோணுமில்ல.

கவுந்தப்பாடி வந்துருச்சு பாருங்க. அதோ, அந்த மஞ்சக் கலர் கட்டடம்தான். கிளாஸ் நடக்குது. இங்கிருந்து தெரியாது. பள்ளிக்கூடத்து வாட்ச்மேன்தான் சொன்னாரு, "டீச்சரம்மா இப்பக் குழந்தைகளை மடியில இருந்து எறக்கறதே இல்லைங்க"ன்னு.

கவரைக் குடுங்க, இவ்வளவு நேரம் புடிச்சுக்கிட்டீங்களே. போட்டோ பாக்கறீங்களா? தாரிணின்னு பேரு. பி.காம். முடிச்சுட்டு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கா. லட்சணமா இருக்கால்ல? இது அவ விவரம். உசரம், படிப்பு, நட்சத்திரம்...

நிறமா? ஆமாங்க, மாநிறம்னுதான் போட்டிருக்கேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? இது வேறீங்க. ஜாதகத்துல என்ன ஷாட்டா வெக்கப் போறோம்? அவ அப்பா நிறம் கொஞ்சம் வந்துருச்சு. எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க. நம்ம மட்டும் உண்மைய எழுதுனா எப்படீங்க? மாநிறம்னு எழுதறதுக்கே மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கருப்புன்னு நெனச்சுக்குவாங்க, கருப்புன்னு எழுதுனா என்னன்னு நெனைப்பாங்க?

காலையில எழுதறப்ப அவ பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. "அம்மா, உன்னோட மெஷின்ல நான் படுத்தா எந்த நம்பரை அழுத்துவ?"ன்னு கேட்டா. "காலங்காத்தால வாயாடாதே, போடி"ன்னு கத்திட்டேன். நான் எழுதுன 'மாநிறம்'ங்கறதை இன்னொருக்காப் பாத்து லேசாச் சிரிச்சுட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டா.

அந்தச் சிரிப்பை நான் முன்னாடியே பாத்திருக்கனுங்க. கட்டில்ல உக்காந்துக்கிட்டு, தாவாக்கட்டையில இருந்து கைய எடுத்துட்டு அந்தப் புள்ள சிரிச்சுச்சே, அதே சிரிப்பு.

உங்ககிட்டப் பேனா இருக்குங்களா? இருந்தாச் சித்தே குடுங்க. இந்தப் பேப்பரை அந்த ஓரத்துல புடிச்சுக்கங்க, பஸ் ஆடுது. புதுப் பேப்பர்ல எழுதிக் கொண்டு போலாம்தான், ஆனா ஊட்டுக்குத் திரும்பிப் போனா எழுத மாட்டேன், என்னைய எனக்குத் தெரியும்.

இல்லீங்க, ரெண்டு கோடு வேண்டாம். ஒரு கோடு போதும். அடியில என்ன எழுதியிருந்தேன்னு பாக்கறவங்களுக்குத் தெரியட்டும்.